கார்ட்டூனுக்குத் தமிழ் பேசுனவங்களே, உங்க பேரச் சொல்லுங்க

வணக்கம்க்கா, வணக்கம்ணே.

பேர் போட்டு ஆரம்பிக்கணும்னுதான் ஆசை, ஆனா உங்க பேரு எனக்குத் தெரியாது, இந்த மடலே அதுக்குத்தான். நாங்க ஸ்கூல் பைய மூலைல வீசிட்டு ஓடிவந்து ஒக்காரும்போது ஜாக்கி சானா, டோராவா, பவர் ரேஞ்சரா டிவிக்குள்ள இருந்து தமிழ் பேசுனீங்களே, உங்களுக்குத்தான் எழுதுறேன். பேசுனவங்க மட்டுமில்ல, வசனத்த தமிழ்ல எழுதுனவங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து இன்னொரு டேக் போலாம்னு சொன்ன சவுண்ட் இன்ஜினியருங்க, எல்லாரையும் சேத்துதான் சொல்றேன்.

எனக்கு ஊரு சிவகங்கை பக்கம். 2007ல நான் அஞ்சாவது முடிச்சிருந்தேன். எங்க வீட்ல டிவின்னு ஒண்ணு வந்ததே அரசாங்கம் குடுத்த இலவச கலர் டிவிதான், 14 இன்ச்சு, அத பீரோ மேல வச்சு அப்பத்தாவோட பழைய சேலையக் கிழிச்சு மூடி வச்சிருப்போம். 2006 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டம் அது, எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கா வந்துச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல் 29ந்தேதி சுட்டி டிவி ஆரம்பிச்சாங்க. நேரத்தப் பாருங்க, முழுப்பரீட்ச முடிஞ்சு லீவு விட்டாச்சு, வெளிய போனா வெயில் மண்டைய பொளக்குது, வீட்ல புது டிவி இருக்கு, அதுல நாள் முழுக்க தமிழ் பேசுற கார்ட்டூன் சேனல் வருது. எங்க வயசுப் புள்ளைங்களுக்கு அந்த லீவு மாதிரி ஒரு லீவு அப்புறம் வரவே இல்ல.

அதுக்கு முன்னாடி கார்ட்டூன் பாத்ததே இல்லையான்னா பாத்திருக்கோம், கேபிள் இருந்த பக்கத்து வீட்ல. ஆனா எங்க ஊர் கேபிள்ல அது இங்கிலீஷ்ல ஓடும். டாம் அண்ட் ஜெர்ரிக்கு பாஷ தேவையில்ல. மத்ததெல்லாம் நாங்களா ஒரு கதை கட்டிக்குவோம், இவன் இவனோட தம்பி, இவங்களுக்குள்ள சொத்துத் தகராறுன்னு எங்க அக்கா சொல்லும், நான் நம்பிருவேன். ரொம்ப நாள் கழிச்சு தெரிஞ்சுச்சு அவங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களே கிடையாதுன்னு. இப்படி ஊமையா பாத்துட்டு இருந்த புள்ளைங்க முன்னாடி நீங்க வந்து எங்க பாஷைல பேச ஆரம்பிச்சீங்க. அது எவ்வளவு பெரிய விஷயம்னு, தினம் ஸ்டுடியோவுக்குப் போயி சம்பளத்துக்குப் பேசிட்டு வந்த உங்களுக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன், அதான் நான் சொல்றேன்.

மொதல்ல எங்க அப்பத்தா பத்தி சொல்லணும். அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கண்ணும் கொஞ்சம் மங்கல். டோராவின் பயணங்கள் போட்டா மட்டும் முறத்த எடுத்துட்டு வந்து டிவிக்கு நேரா ஒக்காந்துக்கும், கை பாட்டுக்கு அரிசில கல்லு பொறுக்கும், காது அங்க இருக்கும். அந்த ஷோவுல டோரா நம்மளப் பாத்து கேள்வி கேட்டுட்டு கண்ண சிமிட்டிக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம நிப்பால்ல, புள்ளைங்க பதில் சொல்றதுக்காக விடுற இடைவெளி. எங்க வீட்ல அந்த இடைவெளிய நிரப்புனது எங்க அப்பத்தாதான். "அந்தா இருக்குல்லத்தா, ஒம் பின்னாடிதான் நிக்கிது பாரு"ன்னு சத்தமா சொல்லும். அப்புறம் டிவில இருந்து ரொம்பச் சரின்னு ஒரு பாராட்டு வரும், அப்பத்தா மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. குள்ளநரி வந்தா நாங்க மூணு பேரும் கூட சேந்து கத்துவோம், குள்ளநரி திருடக்கூடாது, குள்ளநரி திருடக்கூடாதுன்னு.

இப்ப யோசிச்சா எனக்கு ஆச்சரியமா இருக்குறது இதுதான். டோரா கூடவே சுத்துமே ஒரு குரங்கு, அதுக்கு இங்கிலீஷ்ல பேரு பூட்ஸ். செவப்பு பூட்ஸ் போட்டிருக்குறதால பூட்ஸ். நரிக்கு பேரு ஸ்வைப்பர். அத அப்படியே தமிழ்ல வச்சிருந்தா எங்க அப்பத்தா வாயில நுழைஞ்சிருக்குமா? யாரோ ஒருத்தங்க ஒக்காந்து யோசிச்சு அந்தக் குரங்குக்கு புஜ்ஜின்னு பேரு வச்சிருக்காங்க, ஸ்வைப்பர குள்ளநரின்னே ஆக்கிருக்காங்க. இன்னைக்கு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் எப்பவும் ஒண்ணாவே சுத்துனா டோரா புஜ்ஜின்னு சொல்றாங்க, கார்ட்டூனே பாக்காதவங்ககூட சொல்றாங்க. ஒரு ஆளு ஒரு மதியானம் பேப்பர்ல கிறுக்குன ஒரு பேரு, ஒரு மொழில சொல்லா நிக்கிது. அந்த ஆளு யாரு? அக்காவா அண்ணனா? வீட்ல யாரையாவது புஜ்ஜின்னு கூப்புட்டுட்டு இருந்தீங்களா, அதான் அப்படி வச்சீங்களா? எனக்கு நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

அடுத்து ஜாக்கி சான் கார்ட்டூன். 2000த்துலருந்து 2005 வரைக்கும் அமெரிக்கால வந்தது, அஞ்சு சீசன், 95 எபிசோடு. நாங்க அத எத்தன தடவ பாத்தோம்னு கணக்கில்ல. பன்னெண்டு எட்டுமூலைக் கல்லு, ஒவ்வொண்ணுலயும் ஒரு மிருகம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சக்தி. எங்க தெருவுல எல்லாருக்கும் ஒரு கல்லு உண்டு. வைகை ஆத்துல இருந்து தட்டக் கல்லாப் பாத்து பொறுக்கிட்டு வந்து சாக்பீஸ்ல படம் வரஞ்சு வச்சிருப்போம். எனக்கு முயல், வேகமா ஓடுறது. அக்காவுக்கு சேவல், அந்தரத்துல பறக்குறது, அத யாருக்கும் குடுக்காது. அம்மாவுக்கு ஒரு தடவ காய்ச்சல் வந்து நாலு நாள் எந்திரிக்கல, நான் குதிரைக் கல்ல எடுத்து தலகாணிக்கு அடில வச்சேன், குதிரைக்கு நோய தீக்குற சக்தின்னு நீங்கதான சொல்லிருந்தீங்க. அம்மா எந்திரிச்சப்புறம் தலகாணிய ஒதறும்போது கல்லு கீழ விழுந்துச்சு, எதுக்குடா இதுன்னு கேட்டுச்சு, சொன்னேன், ஒண்ணும் பேசாம திரும்பி அங்கயே வச்சிருச்சு.

அதுல பழைய பொருள் கடை வச்சிருக்குற ஒரு பெரியவரு வருவாரே, மந்திரத்த மந்திரத்தாலதான் வெல்லணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரே, அவரு கைல காஞ்சுபோன மீனும் பல்லியும் வச்சுக்கிட்டு மந்திரம் சொல்லுவாரு. எங்க அக்கா அடுப்படில இருந்து கருவாட்ட எடுத்துட்டு வந்து அவரு மாதிரியே தொண்டைய கரகரன்னு வச்சுக்கிட்டு மந்திரம் சொல்லும். அது சீனாவுல கேண்டனீஸ் மொழியாம், தீய சக்திகளே சீக்கிரம் ஓடிப்போங்கன்னு அர்த்தமாம், இத நான் ரொம்ப வருஷம் கழிச்சு படிச்சேன். எங்களுக்கு அர்த்தம் தேவைப்படல. அந்தக் குரல் இருந்துச்சு, அந்த வயசான ஆளோட அவசரம், கோவம், கடைசி நேரத்துல இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்னு திரும்பி வர்றது, எல்லாமே அந்தக் குரல்லதான் இருந்துச்சு.

கரண்ட் கட்டு பத்தி சொல்லாம இந்தக் கதைய சொல்ல முடியாது. 2008லருந்து ஆரம்பிச்சு 2012ல உச்சத்துக்குப் போச்சு, மெட்ராஸ்ல இருந்தவங்களுக்கு கொஞ்சந்தான் தெரியும், எங்க பக்கமெல்லாம் ஒரு மணி நேரம் இருந்தா ஒரு மணி நேரம் இருக்காது. ஜாக்கி மாடில இருந்து தொங்கிட்டு இருப்பாரு, டப்புன்னு போயிரும். புள்ளைங்க எல்லாம் திண்ணைக்கு வந்துருவோம், இருட்டுல மிச்சக் கதைய நாங்களே பேசி முடிப்போம், அக்கா பெரியவரு, நான் ஜாக்கி, எதுத்த வீட்டுப் புள்ள அதுல வர்ற சின்னப் பொண்ணு ஜேடு. உங்க குரல்லதான் பேசுவோம், நீங்க எங்க மூச்சு விடுவீங்க, எங்க இழுப்பீங்கன்னு எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அடுத்த தெருவுக்கு கரண்ட் வர்ற லைன் வேற, அங்க கரண்ட் இருக்கும், மறுநாள் ஸ்கூல்ல அந்தத் தெருப் பையன் நெஜமா என்ன நடந்துச்சுன்னு சொல்லுவான், பாதி நேரம் எங்க கதைதான் நல்லாருக்கும்.

சரி, இப்ப நான் எதுக்கு வந்தேனோ அதுக்கு வர்றேன்.

ஜாக்கி சான் கார்ட்டூன்ல ஜாக்கிக்கு பேசுனது நெஜ ஜாக்கி சான் கிடையாது, ஜேம்ஸ் சீன்னு ஒரு நடிகர். அந்தப் பெரியவருக்கு பேசுனது சாப் ஷிமோனோ. இத ஃபோன எடுத்து தேடுனா அர நிமிஷத்துல வந்துரும். ஜப்பான்ல டோரேமானுக்கு 1979லருந்து 2005 வரைக்கும் 26 வருஷம் பேசுனது நோபுயோ ஓயாமான்னு ஒரு அம்மா, 2024 செப்டம்பர்ல 90 வயசுல எறந்தாங்க, ஒரு நாடே அழுதுச்சு, ஏன்னா எல்லாருக்கும் அவங்க யாருன்னு தெரியும். டிராகன் பால்ல கோகுவுக்கு 1986லருந்து பேசுற மசாகோ நொசாவாவுக்கு 80 வயசு எப்பவோ தாண்டிருச்சு, கோகுவுக்கும் அவங்கதான், கோகு பையன் கோஹானுக்கும் அவங்கதான், ரெண்டாவது பையன் கோட்டனுக்கும் அவங்கதான். அமெரிக்கால கார்ட்டூன் நெட்வொர்க்ல டூனாமின்னு ஒரு நிகழ்ச்சித் தொகுப்பு 1997ல ஆரம்பிச்சு ஓடுச்சு, ஜப்பான் கார்ட்டூன அமெரிக்கப் புள்ளைங்க வெறித்தனமா பாத்ததே அதுலதான், நடுநடுவுல டாம்னு ஒரு ரோபோ வந்து பேசும். 2008ல அத நிறுத்துனாங்க. 2012 ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஏப்ரல் ஃபூலுக்காக ஒரு ராத்திரி மட்டும் திரும்பப் போட்டாங்க, அன்னைக்கு அந்த ரோபோவோட குரலக் கேட்டதும் வளந்து பெரியாளான புள்ளைங்க எல்லாம் திரும்ப வேணும் திரும்ப வேணும்னு எழுதித் தள்ளி, மே மாசமே அது வாராவாரம் வர ஆரம்பிச்சிருச்சு. ரோபோவுக்குக் குரல் குடுத்தவரு ஸ்டீவ் ப்ளம். ரோபோவுக்குள்ள இருக்குறவரு பேரும் அங்க எல்லாருக்கும் தெரியும்.

நம்ம டோராவுக்கு பேசுனது யாரு? புஜ்ஜிக்கு? அந்தப் பெரியவருக்கு?

பொதுவா டிவில கார்ட்டூன் முடியும்போது பேரு ஓடும்னா அது வெளிநாட்டுக்காரங்க பேருதான் ஓடும், அதுவும் பாதில வெட்டி விளம்பரம் வந்துரும். ஒரு சேனல குத்தம் சொல்ல வரல, அன்னைக்கு எங்கயும் அப்படித்தான் இருந்துச்சு, யாருக்கும் அது தப்பாத் தோணல, எனக்கும் தோணல. சினிமாவுல டப்பிங் பேசுறவங்களுக்கு தமிழ்நாடு அரசு விருதுல தனியா ஒரு பிரிவே இருக்கு. கார்ட்டூனுக்குப் பேசுனவங்கள மேடையேத்தி சால்வை போட்டு நான் ஒரு தடவகூட பாத்ததில்ல.

உங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் புரிஞ்சுச்சு. நானும் என் ஃப்ரெண்டும் ஒரே ஒரு நிமிஷ கார்ட்டூன் சீன் எடுத்து தமிழ்ல பேசிப் பாப்போமேன்னு ஒக்காந்தோம், சாயங்காலம் ஆரம்பிச்சு நடுராத்திரி ஆயிருச்சு, அப்பவும் ஒட்டல. அதுக்கப்புறம்தான் இது எப்படி நடக்குதுன்னு தேடித் தேடி படிச்சேன். அமெரிக்கக் கார்ட்டூன்ல குரல மொதல்ல பதிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி வாய வரையுறாங்க, அதனால அந்த வாயி இங்கிலீஷுக்குன்னே அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி. ஜப்பான்ல பெரும்பாலும் படம் வரஞ்ச பெறகு குரல் பேசுறாங்க, வாயும் தொறந்தது, பாதி தொறந்தது, மூடுனதுன்னு மூணு படத்தையே மாத்தி மாத்திப் போடுறாங்க, அதுல வேற பாஷைய ஒக்கார வைக்குறது கொஞ்சம் சுலபம். அப்ப ஜாக்கி சான தமிழ்ல பேசுனது எவ்வளவு பெரிய வேலன்னு பாருங்க. இங்கிலீஷ்காரன் ப, ம மாதிரி ஒதடு மூடுற எழுத்து சொல்ற எடத்துல நீங்களும் ஒதடு மூடுற மாதிரி ஒரு தமிழ் வார்த்தைய கண்டுபிடிக்கணும். அவன் வினைச்சொல்ல முன்னாடியே சொல்லி கைய நீட்டிருவான், நமக்கு வினை கடைசிலதான் வரும், அவன் கை நீட்டும்போது நாம இன்னும் யாரை எவரைன்னுதான் சொல்லிட்டு இருப்போம். "கண்டுபிடிச்சிருவேன்"ங்குற ஒத்த வார்த்தைக்கே அவன் வாயி மூடிப்போயிருக்கும். இதெல்லாம் சமாளிச்சு, அதுலயும் காதுல ஹெட்ஃபோன்ல இன்னொரு பாஷ ஓடிட்டு இருக்க, எதிர்ல கூடப் பேச ஆளில்லாம தனியா ஒரு ரூம்ல மைக்க பாத்து நின்னு, டிராகன் தொரத்துற மாதிரி மூச்சு வாங்கிருக்கீங்க.

பவர் ரேஞ்சர்ஸ் எஸ்பிடி இன்னும் ஒரு படி மேல. ஜெட்டிக்ஸ் சேனல்ல தமிழ்ல வந்துச்சே, நாங்க ஸ்கூல் கிரவுண்ட்ல செவப்பு யாரு நீலம் யாருன்னு சண்ட போட்டோமே, அதுல சண்டைக் காட்சி பாதி ஜப்பான்ல 2004ல எடுத்த டெக்காரேஞ்சர் தொடர்ல இருந்து எடுத்தது, மிச்சத்த அமெரிக்கக்காரங்க நியூசிலாந்துல வச்சு எடுத்தாங்க. ஜப்பான்ல முகமூடி போட்ட ஒரு ஆளு எகிறி குதிக்கிறாரு, அமெரிக்கால ஒருத்தர் அதுக்குக் குரல் குடுக்குறாரு, அது மேல தமிழ்ல நீங்க கத்துறீங்க, அதக் கேட்டு சிவகங்கைல ஒரு பையன் பெஞ்சு மேல இருந்து குதிச்சு கால ஒடச்சுக்கிட்டான். என் கிளாஸ் பையந்தான், மாவுக்கட்டு மேல எல்லாரும் ரேஞ்சர் படம் வரஞ்சு குடுத்தோம்.

போன வருஷம், 2025 செப்டம்பர் 12ந்தேதி டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில்ங்குற ஜப்பான் கார்ட்டூன் படம் தமிழ்லயும் தியேட்டருக்கு வந்துச்சு. அக்கா பையனக் கூட்டிட்டுப் போனேன், அவனுக்கு அதே அஞ்சாவது முடிச்ச வயசு. தியேட்டர் ஃபுல்லு, முக்கால்வாசி என் வயசு ஆளுங்க. மொத வசனம் தமிழ்ல வந்தப்ப கத்துனாங்க பாருங்க, ஹீரோ என்ட்ரிக்குக் கத்துற மாதிரி. ஜப்பான் கார்ட்டூனுக்கு தமிழ்நாட்டு தியேட்டர்ல இப்படி ஒரு கூட்டம் நாலு வருஷத்துல திடீர்னு மொளைக்கல, நீங்க பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட வெத அது. சோலோ லெவலிங் தமிழ்ல வருது, போக்கிமான் தமிழ்ல வருது, இப்ப பேசுறவங்க சிலரு நாந்தான் இந்த கேரக்டருக்குப் பேசுனேன்னு ஃபோட்டோவோட போடுறாங்க, புள்ளைங்க கீழ போயி அண்ணே ஒரு தடவ பேசிக் காட்டுங்கன்னு கேக்குதுங்க. அதப் பாக்க பாக்க எனக்கு உங்க ஞாபகந்தான் வருது. உங்க காலத்துல இது இல்லாமப் போச்சே.

அதனால ஒரு வேண்டுகோள். அன்னைக்கு எந்த சேனலுக்குப் பேசிருந்தாலும் சரி, எந்த ஊரு ஸ்டுடியோவுல பேசிருந்தாலும் சரி, ஒரே ஒரு எபிசோட்ல கூட்டத்துல நின்னு கத்துன குரலா இருந்தாலும் சரி, நாந்தான் பேசுனேன்னு சொல்லுங்க. எழுதத் தோணலன்னா ஃபோன எடுத்து ஒரு நிமிஷம் பேசிப் போடுங்க. வசனம் எழுதுனவங்க வீட்ல அந்தப் பழைய நோட்டோ, ஸ்கிரிப்ட் பேப்பரோ பரண்ல கெடந்தா பழைய பேப்பர்காரருக்குப் போட்றாதீங்க, தயவுசெஞ்சு. அடிச்சுத் திருத்துன எடம்தான் எங்களுக்கு முக்கியம், புஜ்ஜிக்கு முன்னாடி வேற என்ன பேரு யோசிச்சு அடிச்சீங்கன்னு அதுலதான இருக்கும். சிடியோ கேசட்டோ இருந்தா ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க, காந்த டேப்பு சும்மா வச்சிருந்தாலே கெட்டுப்போகும். கார்ட்டூன ஒளிபரப்புற உரிமை சில வருஷத்துக்குத்தான் வாங்குவாங்க, அது முடிஞ்சா படத்த போட முடியாது, படம் போகும்போது கூடவே தமிழ்க் குரலும் போயிரும். படம் வேற பாஷைல எங்கயாச்சும் கெடைக்கும். தமிழ்க் குரல் போச்சுன்னா போனதுதான்.

டப்பிங் பேசுறவங்க சங்கத்துல பொறுப்புல இருக்குறவங்க இதப் படிச்சா உங்ககிட்டயும் ஒண்ணு கேக்குறேன், மூத்த உறுப்பினருங்கள ஒருநாள் ஒக்கார வச்சு எந்தெந்த கார்ட்டூன்ல யாரு யாருக்குப் பேசுனாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வாங்குங்க. டைப் பண்ற வேல, சரிபாக்குற வேல எல்லாம் நாங்க பாத்துக்குறோம், என்ன மாதிரி ஆளுங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, சம்பளமெல்லாம் வேணாம். இத இப்பவே செய்யணும், ஏன்னா அன்னைக்கு நாப்பது வயசுல பேசுனவங்களுக்கு இப்ப அறுபதாகப் போகுது.

கடைசியா டோராவுக்குப் பேசுன அக்காவுக்கு மட்டும். எங்க அப்பத்தா இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. கடைசிக் காலத்துல பேச்சு ரொம்பக் கொறஞ்சு போச்சு, பேரப்புள்ளைங்கள கூட மாத்தி மாத்தித்தான் கூப்புடும். ஒருநாள் அக்கா பையனுக்காக ஃபோன்ல பழைய டோரா வீடியோ ஒண்ணு போட்டிருந்தோம், யாரோ டிவில இருந்து எடுத்துப் போட்டது, சத்தம் கரகரன்னு இருந்துச்சு. நீங்க கேள்வி கேட்டுட்டு நிறுத்துனீங்க. கட்டில்ல படுத்திருந்த அப்பத்தா கண்ணத் தொறக்காமலே சொல்லுச்சு, "அந்தா இருக்குல்லத்தா, ஒம் பின்னாடி." டோராவுக்குப் பேசுன ஆளு பேரு என்னன்னு அன்னைக்கு அக்கா பையன் கேட்டான். டோரான்னு சொன்னேன், இல்ல மாமா, நெஜப் பேருன்னான். அவனுக்கு இன்னும் சொல்லல.

இப்படிக்கு,
மானாமதுரை பக்கத்துலருந்து,
முயல் கல்லு வச்சிருந்தவன்